கடைசி வண்டிக்குத்தான் தெரியும் ரைடின் லட்சணம்

வாட்ஸ்அப்பில் ஒரு பைக் ரைடு போஸ்டர் வரும். ஏலகிரி, ஞாயிறு, விடிகாலை 4.30, பூந்தமல்லியில் கூடுகிறோம், எல்லா வண்டிகளும் வரலாம், உணவுச் செலவு அவரவருடையது. பின்னணியில் மேகம் மூடிய மலை. தெரிந்து கொள்ள வேண்டியது எதுவும் அதில் இருக்காது. பெயர் கொடுக்கும் முன் நாலு கேள்வி கேளுங்கள். மொத்தம் எத்தனை வண்டி? லீட் யார்? ஸ்வீப் யார்? நெடுஞ்சாலையில் என்ன வேகம்? லீட் என்றால் முன்னால் வழிகாட்டிப் போகிறவர். ஸ்வீப் என்றால் எல்லோருக்கும் பின்னால், யாரையும் விட்டுவிடாமல் வருகிறவர். முதல் இரண்டுக்கும் டக்கென்று பதில் வரும். ஸ்வீப் யார் என்றால், "அதெல்லாம் அங்க போய் பார்த்துக்கலாம் ப்ரோ" என்று வந்தால், அந்த ஞாயிறு நன்றாகத் தூங்குங்கள்.

காரணம் இருக்கிறது. முன்பின் தெரியாதவர்களோடு போகும்போது ஆபத்து பெரும்பாலும் சாலையிலிருந்து வருவதில்லை. 'நாம பின்தங்கிட்டோமோ' என்ற எண்ணத்திலிருந்து வருகிறது. தனியாகப் போகும்போது 75-க்கு மேல் திருகாத ஆள், முன்னால் பத்துப் பேர் போனால் 105 போகிறார். கூட இருப்பவர்கள் நண்பர்கள் என்றால் "டேய் மெதுவாப் போங்கடா" என்று கத்திவிடலாம். புதியவர்களிடம் கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு வேலை இல்லாமல் ரைடை அமைப்பதுதான் நடத்துபவரின் வேலை.

பின்தங்குவது எப்படி நடக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து வண்டி, லீட் 80-ல் போகிறார். முன்னால் 50-ல் ஒரு லாரி. வலது லேனில் கார்கள் வந்துகொண்டே இருப்பதால் ஒவ்வொருவரும் இடைவெளி பார்த்துத்தான் தாண்ட முடியும். ஆளுக்கு 6 நொடி என்றால் கடைசி ஆள் தாண்டி முடிக்க ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் லீட் 1,330 மீட்டர் போய்விட்டார். லாரிக்குப் பின்னால் இருந்தவர் வந்தது 830 மீட்டர். இடையில் அரை கிலோமீட்டர். லீட் அதே 80-ல் போனால், கடைசி ஆள் 100-ல் ஒன்றரை நிமிடம், அதாவது இரண்டரை கிலோமீட்டர் விரட்டினால்தான் கூட்டத்தைப் பிடிக்க முடியும். அதற்குள் அடுத்த லாரி வந்துவிடும். லீட் சொகுசாக 80-ல் போகிற ரைடில் கடைசி ஆள் நாள் முழுக்க 100-க்கு மேல் ஓட்டுவது இப்படித்தான். வேலூர் தாண்டுவதற்குள் அவருக்கு மணிக்கட்டு வலிக்கும், தேநீர் நிறுத்தத்தில் முகம் வெளிறி இறங்குவார். முன்னால் போனவருக்கு ஒன்றுமே தெரியாது, "செம ஸ்மூத்தா போச்சு" என்பார்.

மருந்து எளிது. லாரியைத் தாண்டியதும் லீட் 65-க்கு இறங்க வேண்டும். அப்போது இடைவெளி 250 மீட்டர்தான் ஆகும். கடைசி ஆள் தன் 80-லேயே வந்து ஒரு நிமிடத்தில் சேர்ந்துவிடுவார், விரட்ட வேண்டியதில்லை. கண்ணாடியில் ஸ்வீப்பின் பளிச்சென்ற பச்சை ஜாக்கெட் தெரிந்த பிறகு மறுபடி 80. இந்த ஒரு பழக்கம் இல்லாதவர் எவ்வளவு திறமையாக ஓட்டினாலும் லீட் ஆகத் தகுதியில்லை. நாலுவழி தேசிய நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு மத்திய அரசு 2018-ல் அறிவித்த உச்சவரம்பும் 80-தான். அதற்கு மேல் திட்டம் போடுகிற குழுவில் சேர்ந்துவிட்டு சட்டம் பேசிப் பயனில்லை.

ஒரு அணிக்கு எட்டு வண்டி போதும். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் கடக்கிறோம். வண்டிக்கு வண்டி ஒரு நொடி இடைவெளி விட்டால் எட்டு வண்டி 155 மீட்டருக்கு நீளும். கண்ணாடியில் கடைசி வண்டி தெரியும். இருபது வண்டி என்றால் 400 மீட்டரைத் தாண்டிவிடும், லீடுக்குப் பாதிப் பேர் கண்ணிலேயே பட மாட்டார்கள். இருபது பேர் வந்துவிட்டால் மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி லீட், தனி ஸ்வீப் போட்டு, பத்து நிமிட இடைவெளியில் கிளப்புங்கள். போட்டோவில் கூட்டம் குறைவாகத் தெரியும் என்று சிலர் வருத்தப்படுவார்கள். படட்டும், அடுத்த நிறுத்தத்தில் எல்லோரும் சேர்ந்து எடுத்துக் கொள்ளலாம்.

நேரான அகலச் சாலையில் ஜிக்ஜாக் வரிசை. லீட் லேனின் வலப்பக்கம், அடுத்தவர் இடப்பக்கம், மூன்றாமவர் மறுபடி வலப்பக்கம். பக்கத்து வரிசைக்காரரோடு ஒரு நொடி, நேர் முன்னால் இருப்பவரோடு இரண்டு நொடி. கணக்கிட மீட்டர் வேண்டாம். முன்வண்டியின் பின்சக்கரம் ஒரு மைல்கல்லைத் தாண்டும்போது "இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு" என்று நிதானமாகச் சொல்லுங்கள். சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் அந்தக் கல்லுக்கு வந்துவிட்டால் நெருக்கம் அதிகம். மழை என்றால் எண்ணிக்கையை இரட்டிப்பாக்க வேண்டும். பாலம், சாலைப் பணி, சர்வீஸ் ரோடு, வளைவு எதுவாக இருந்தாலும் ஒற்றை வரிசைதான். இருவர் பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டே போவது எந்தச் சாலையிலும் கிடையாது. நாய் குறுக்கே வந்தால் ஒதுங்க இடமே இருக்காது.

இடைவெளி விட்டால் கார்க்காரர் உள்ளே வருவார். வரட்டும். அவருக்கு வழி மறித்து, கையைக் காட்டி மிரட்டி, 'எங்க குரூப்' என்று உரிமை கொண்டாடுவது அசிங்கம், ஆபத்தும்கூட. சந்திப்பில் ஒருவர் வண்டியைக் குறுக்கே நிறுத்தி மற்ற வாகனங்களை மறித்து, தன் ஆட்களை மட்டும் அனுப்புகிற வழக்கம் சில குழுக்களில் இருக்கிறது. மந்திரி கான்வாயா என்ன? சிவப்பு விழுந்தால் நிற்க வேண்டியதுதான். முன்னால் போனவர்கள் ஓரமாகக் காத்திருப்பார்கள்.

வண்டிகளின் வரிசையை லீட்தான் முடிவு செய்ய வேண்டும். புதியவர், 150 சிசிக்காரர், முதல்முறை மலை ஏறுபவர் எல்லோரும் லீடுக்கு நேர் பின்னால். வேகம் அவர்களைப் பார்த்துத்தான் அமையும். 650 சிசி வைத்திருப்பவர் பின்னால் வரட்டும், அவர் பிடித்துவிடுவார். பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள், பெரிய வண்டிகள் முன்னால், பாவப்பட்ட வண்டிகள் வாலில். குழுவிலேயே அனுபவசாலி லீட் ஆக வேண்டும் என்பதும் தப்பு என்றே சொல்வேன். அவரை ஸ்வீப் ஆக்குங்கள். பஞ்சர், செயின் கழன்றது, மயக்கம், வழி தவறியது என்று அத்தனையும் வந்து சேர்வது அவரிடம்தான். டூல் கிட், முதலுதவிப் பை, காற்றடிக்கும் பம்ப் மூன்றும் அவர் பையில் இருக்க வேண்டும்.

கிளம்பும் முன் பத்து நிமிடம் பேச்சு. ஹெல்மெட்டைக் கழற்றி, இன்ஜினை அணைத்து, எல்லோரும் வட்டமாக நின்று. பெயர், வண்டி, எங்கிருந்து வருகிறீர்கள் என்பது ஒரு சுற்று. நிறுத்தங்களை ஊர்ப் பெயரோடு சொல்லிவிடுங்கள்: ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஒன்று, வாலாஜா அருகே ஒன்று, ஆம்பூருக்கு முன் ஒன்று, அப்புறம் மலையடிவாரம் பொன்னேரி. அடுத்த நிறுத்தம் எது என்று எல்லோருக்கும் தெரிந்தால் தொலைந்து போகிறவர் யாருமில்லை. கூட்டத்தை விட்டுவிட்டாலும் தன் வேகத்தில் அங்கே போய்ச் சேருவார்.

கை சைகை இருபது வகை சொல்லித் தருவார்கள். புதியவர்களுக்கு ஐந்து போதும், அதுவும் இடக்கையில்தான். வலக்கை ஆக்சிலேட்டரை விடக்கூடாது. உள்ளங்கை கீழ்நோக்கித் தட்டினால் வேகம் குறை. ஒரு விரல் தூக்கினால் ஒற்றை வரிசை, இரண்டு விரல் என்றால் ஜிக்ஜாக். டேங்கைச் சுட்டினால் பெட்ரோல். முஷ்டி மடக்கித் தூக்கினால் நிற்கப் போகிறோம். குழி, ஜல்லி வலப்பக்கம் இருந்தால் வலக்காலை நீட்டிக் காட்டலாம், இடப்பக்கம் இருந்தால் கையை. முன்வண்டி காட்டியதைப் பின்வண்டிகளும் திருப்பிக் காட்டினால்தான் வால் வரை சேதி போகும். ஓடும்போது நாலு இண்டிகேட்டரையும் எரியவிட்டுக்கொண்டு போவது வேண்டாம். நீங்கள் எப்போது திரும்புகிறீர்கள் என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போய்விடும்.

திருப்பங்களில் ஆள் நிறுத்தும் முறை ஒன்று உண்டு, வாக்கிடாக்கி இல்லாத குழுவுக்கு இதைவிட நல்லது இல்லை. வாணியம்பாடி தாண்டி நெடுஞ்சாலையை விட்டு இடப்பக்கம் திருப்பத்தூர் சாலையில் இறங்க வேண்டும். லீட் திரும்பும்போது தனக்கு அடுத்த வண்டியைக் கைகாட்டி அங்கேயே நிறுத்திவிடுகிறார். அவர் திருப்பத்துக்குச் சற்று முன்னால், தார் ரோட்டை விட்டு இறங்கி, வருகிறவர்கள் கண்ணில் படும்படி நின்று வழி காட்டுகிறார். எல்லோரும் போய், ஸ்வீப் வந்த பிறகு, ஸ்வீப்புக்கு முன்னால் சேர்ந்துகொள்கிறார். அடுத்த திருப்பத்துக்கு இப்போது லீடுக்குப் பின்னால் இருக்கும் வேறொருவர். விதி ஒன்றே ஒன்று: ஸ்வீப்பைக் கண்ணால் பார்க்காமல் இடத்தை விட்டு நகரக்கூடாது, அரை மணி ஆனாலும். "எல்லாரும் போயிட்டாங்க போலிருக்கு" என்று ஒருவர் கிளம்பிவிட்டால் முறையே உடைந்துவிடும். பின்னால் வந்தவர் நேரே கிருஷ்ணகிரி போய் நிற்பார். புதியவரை இப்படி இருட்டில் தனியாக நிறுத்த வேண்டாம். லீடுக்கு அடுத்து வருபவர் புதியவர் என்றால் அந்தத் திருப்பத்துக்கு மட்டும் மூன்றாமவரை நிறுத்துங்கள்.

வண்டி விஷயம். முந்தைய இரவு, டயர் சூடில்லாதபோது காற்று பாருங்கள். காலையில் ஓட்டி வந்து பங்க்கில் பிடித்தால் அளவு கூட்டிக் காட்டும். செயினைக் கீழ்ப்பக்கம் நடுவில் விரலால் தூக்கிப் பாருங்கள். வண்டியின் கையேட்டில் சொன்ன தளர்வைவிட அதிகமாக ஆடினால் மெக்கானிக்கிடம் காட்டாமல் வராதீர்கள். ஸ்போக் சக்கரத்தில் பெரும்பாலும் டியூப் இருக்கும். டியூப்லெஸ் பஞ்சர் கிட்டை வைத்து அதை ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் வண்டி அப்படி என்றால் அளவு பார்த்து ஒரு டியூபை நீங்களே கொண்டு வர வேண்டும், பக்கத்தில் இருப்பவரிடம் இருக்கும் என்று நம்பக்கூடாது. ஹெல்மெட்டில் ஐஎஸ்ஐ முத்திரை, முழங்கால் காப்பு, கணுக்கால் மூடும் ஷூ. செருப்பில் வந்தவரை அன்போடு திருப்பி அனுப்பிய ஒரு லீடை அந்தக் குழு முழுக்க மதிக்கும், வந்தவருக்கு மட்டும் கோபம் இருக்கும்.

பெட்ரோல் நிறுத்தத்தை முடிவு செய்வது மிகச் சிறிய டேங்க். ஒருவரிடம் 11 லிட்டர் டேங்க், இன்னொருவரிடம் 17 லிட்டர் என்றால் 11 லிட்டர்காரர் எவ்வளவு தூரம் போவாரோ அதில் முக்கால் பங்கில் நிறுத்தம். நிறுத்தினால் எல்லோரும் நிரப்ப வேண்டும். "எனக்குப் பாதி இருக்கு" என்று சும்மா நின்றவர்தான் நாற்பது கிலோமீட்டர் கழித்து டேங்கைச் சுட்டிக் காட்டுவார். கூடும் இடத்துக்கே டேங்க் நிரப்பி வருவது மரியாதை. பங்க்கில் பின்சீட்டில் வருபவர் இறங்கிக்கொள்ள, மூடியைத் திறந்து வைத்து வரிசையில் நின்றால் எட்டு வண்டி சீக்கிரம் முடியும். கையில் கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள். மலையடிவாரத்தில் யுபிஐ சுற்றிக்கொண்டே இருக்கும், பின்னால் ஏழு பேர் உங்களையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

இனி மலை. ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள்: பாரி, ஓரி, கபிலர், கம்பர் என்று. ரசிப்பதற்கு மட்டுமல்ல, ஏதாவது ஆனால் "கபிலர் வளைவுக்கு மேல" என்று 108-க்கு ஒரே வரியில் இடம் சொல்லிவிடலாம். கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் வால்பாறைச் சாலையின் 40 வளைவுகளிலும் எண் எழுதிய பலகை இருக்கும். தாண்டும்போது அந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டே போங்கள்.

மலையில் குழு கலைந்துவிட வேண்டும். ஒற்றை வரிசை, நாலு நொடி இடைவெளி, மேலே எந்த இடத்தில் கூடுகிறோம் என்று அடிவாரத்திலேயே சொல்லிவிட்டால் அவரவர் தாளத்தில் ஏறலாம். ஒருவரை ஒருவர் தாண்டுவது கிடையாது. பின்னால் வருபவர் வேகமானவர் என்று தெரிந்தால் அகலமான நேர் பகுதியில் இடப்பக்கம் ஒதுங்கிக் கையால் வழி விடுங்கள்.

வளைவுக்குள் நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஏறும்போது வலப்பக்க வளைவு சுலபம், நாம் வெளிவட்டத்தில் இருக்கிறோம், இடம் தாராளம். விழுவது இடப்பக்க வளைவில். உள்வட்டம் குறுகல், ஏற்றமும் அங்கேதான் செங்குத்து. இரண்டாம் கியரில் நுழைந்து, பாதியில் இன்ஜின் திணறி, பதறிக் கிளட்சைப் பிடித்து, முன் பிரேக்கையும் பிடித்தால் வண்டி நிற்கும். இடக்காலை ஊன்றினால் அங்கே தரை ஒரு சாண் கீழே இருக்கும். கால் எட்டாது, வண்டி உள்பக்கம் சாயும், பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தவரும் சேர்ந்து விழுவார். அதனால் முதல் கியருக்கு மாற்றுவதை வளைவுக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். நுழையும் முன் தலையைத் தூக்கி மேல்ரோட்டைப் பாருங்கள். பஸ் இறங்கிக்கொண்டிருந்தால் கீழேயே நின்றுவிடுங்கள். மேலேறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்று 2017-ன் மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறை சொல்கிறது. ஆனால் பஸ் கொண்டை ஊசியில் திரும்ப முழு ரோடும் வேண்டும், விதியைச் சொல்லி அதை மறிக்க முடியாது. ஹாரன் அடியுங்கள், பதில் ஹாரன் வருகிறதா என்று கேளுங்கள். காதில் பாட்டு ஓடினால் அது கேட்காது.

இறங்கும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியர். கிளட்சைப் பிடித்துக்கொண்டு உருட்டுவதோ, நியூட்ரலில் விடுவதோ கூடாது. இன்ஜின் பிடிமானம் போய் முழுப் பாரமும் பிரேக் மேல் வரும். ஆறேழு வளைவில் டிஸ்க் சூடேறி, லீவர் மெத்தென்று உள்ளே போகத் தொடங்கும். அப்படி ஆனால் அகலமான இடத்தில் நிறுத்தி இருபது நிமிடம் ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஸ்வீப் உங்களோடு நிற்பார், அதற்காகத்தானே அவர்.

முகம் தெரியாதவர்களோடு பழகும் விதம் பற்றி யாரும் எழுதிவைப்பதில்லை. வண்டியை ஒரு ரவுண்டு கேட்காதீர்கள். கேட்டால் "மன்னிச்சுக்கோங்க, நான் யாருக்கும் கொடுக்கிறதில்லை" என்பது முழுமையான பதில், காரணம் சொல்லத் தேவையில்லை. சிசி பெருமை, மைலேஜ் கிண்டல் வேண்டாம். போட்டோ எடுத்தால் போடும் முன் கேளுங்கள். வீட்டில் சொல்லாமல் வந்தவர்கள் எப்போதும் ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். குரூப்பில் எண் தெரிகிறது என்பதற்காக ஒரு பெண்ணுக்குத் தனியாக 'வீடு சேர்ந்தாச்சா' என்று அனுப்புவது அக்கறை ஆகாது, பொதுவில் கேட்டால் போதும். பெண்களுக்கு ஓட்டச் சொல்லித்தரும் அண்ணன்மார் எல்லா ரைடிலும் முளைப்பார்கள், லீட் அதை அங்கேயே நிறுத்த வேண்டும். குடித்தவரோடு அன்றைக்கு ரைடு இல்லை. இரவு தங்கி மறுநாள் காலை வாடை இருந்தாலும் அதே பதில்.

நடுவில் விலக நினைத்தால் விலகலாம், வேகம் பிடிக்காவிட்டால் அதுவே காரணம். ஆனால் நிறுத்தத்தில், ஸ்வீப்பிடம், நேரில். "நான் இங்கேயே திரும்புறேன் சார், எனக்காக நிக்காதீங்க." சொல்லாமல் நழுவினால் எட்டுப் பேர் பள்ளத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

யாராவது விழுந்தால் எல்லோரும் அவரைச் சுற்றி வண்டிகளை நிறுத்துவதுதான் இயல்பாக நடக்கும், அதுவே அடுத்த விபத்து. அவருக்கு அருகே இரண்டு பேர் போதும். ஒருவர் நூறு மீட்டர் பின்னால் ஓடி வருகிற வாகனங்களை மெதுவாக்கட்டும், வளைவு என்றால் வளைவுக்கு அந்தப் பக்கம். மற்றவர்கள் முன்னால் போய் ரோட்டை விட்டு இறங்கி நிற்கட்டும். ஒரே ஒருவர் 108-ஐ அழைக்க வேண்டும், தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்கும். எட்டுப் பேரும் அழைத்து எட்டு இடம் சொல்லக்கூடாது. மூச்சு இருந்தால் ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள், கண்ணாடியை மட்டும் தூக்கிவிடுங்கள். மூச்சில்லை, வாந்தி அடைக்கிறது என்றால் மட்டும், ஒருவர் கழுத்தையும் தாடையையும் அசையாமல் பிடிக்க இன்னொருவர் மெல்ல உருவ வேண்டும். எழுப்பி உட்கார வைப்பது, தண்ணீர் கொடுப்பது இரண்டும் தப்பு. ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள், எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். உதவினால் போலீஸ் கேஸ் என்று ஒதுங்க வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் சேர்ந்த 134ஏ பிரிவு உதவுபவரைக் காக்கிறது, பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது.

அப்போது தெரிய வேண்டியது அவர் வீட்டு எண். புதியவர் என்பதால் யாருக்கும் தெரியாது, போன் பூட்டியிருக்கும். லாக் ஸ்கிரீனில் அவசரத் தொடர்பைப் போட்டு வையுங்கள். அதோடு பெயர், ரத்த வகை, ஒவ்வாமை, வீட்டு எண் எழுதிய அட்டை ஜாக்கெட்டின் இடது பையில். எல்லோரும் இடது பை என்று பேச்சிலேயே முடிவாகிவிட்டால் தேட வேண்டாம்.

திரும்பும் வழியில் ஆம்பூர் பிரியாணி. தடுக்க யாராலும் முடியாது, முயற்சி செய்யவும் வேண்டாம். ஆனால் அங்கிருந்து சென்னைக்குச் சுமார் 190 கிலோமீட்டர், வெயில், வயிறு நிறைய சாப்பாடு. அரை பிளேட், பிறகு நாற்பது நிமிட ஓய்வு, அதன்பின் 60 கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தம். மாலையில் கிழக்கே போகும்போது சூரியன் நமக்குப் பின்னால், சாலை நமக்குத் துல்லியமாகத் தெரியும். எதிரே ராங் சைடில் வருபவருக்கும், மீடியன் திறப்பில் நம்மைப் பார்த்துத் திரும்பக் காத்திருப்பவருக்கும் கண்ணில் நேராக வெயில். அவர்கள் கண்ணுக்கு நாம் தென்படவே மாட்டோம். 2017 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகளில் ஹெட்லைட் தானாக எரியும், பழைய வண்டிக்காரர்கள் கையால் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூரில் கடைசி நிறுத்தம் போட்டு அங்கேயே ரைடை முடித்துவிடுங்கள். அதன்பின் ஊர் நெரிசல், வரிசை பிடித்து வர முடியாது, அவரவர் வழி. ஸ்வீப் தன் வீட்டுக்குப் போனதும் குரூப்பில் ஒரு வரி போட்டு, வந்த பெயர்களை ஒவ்வொன்றாக டிக் செய்வார். எட்டில் ஏழு வந்து, ஒரு பெயர் மட்டும் ஒன்பது மணி வரை பாக்கி என்றால் போன் போடுவது அவர்தான். பெரும்பாலும் அந்த ஆள் குளித்துவிட்டுத் தூங்கிப்போயிருப்பார். திட்டு வாங்கட்டும்.